கார்ட்ல போட்டுட்டு ஒரு ஜெபம் பண்ணிப் பாருங்க

ஆன்லைன்ல புதுசா ஏதாவது வாங்கணும்னு கை துறுதுறுங்குதுன்னா கார்ட்ல போட்டுட்டு பே பண்ணாம அப்படியே விட்டுடுங்க, அன்னைக்கு ராத்திரி ஜெபத்துல அதே வேலைக்கு ஏற்கனவே வீட்டுல இருக்கிற பொருளோட பேரைச் சொல்லி ஆண்டவருக்கு நன்றி சொல்லுங்க. பொத்தாம்பொதுவா "எல்லாத்துக்கும் ஸ்தோத்திரம்"னு முடிச்சா பிரயோஜனமில்ல, "ஸ்க்ரீன் ஓரத்துல கீறல் விழுந்த இந்த ஃபோன்லதான் தினமும் அம்மாகிட்ட பேசுறேன், ஸ்தோத்திரம்"னு குறையோட சேர்த்தே சொல்லணும். மறுநாள் கார்ட்டைத் திறந்தா பாதியை நீங்களே டெலீட் பண்ணிடுவீங்க.

புதுசு மேல ஆசை வர்றப்ப பழசு என்ன வேலை செய்யுதுங்கறதே நமக்கு மறந்துடுது, பேர் சொல்லி நன்றி சொன்னா அது திரும்ப கண்ணுல படும். பைபிள்ல அப்போஸ்தலர் பவுல் சிறைக்காவல்ல இருந்துகிட்டுதான் எந்த நிலைமையிலயும் மனரம்மியமா, அதாவது மனத்திருப்தியோட, இருக்கக் கத்துக்கிட்டேன்னு எழுதுறார் (பிலிப்பியர் 4:11), அதே அதிகாரத்துல 6ம் வசனத்துல விண்ணப்பத்தை ஸ்தோத்திரத்தோட சேர்த்து வைக்கச் சொல்றார்.

மருந்து, கண்ணாடி, பிள்ளைங்களுக்கு வேண்டிய புக்கு இதுக்கெல்லாம் இந்த வேலை வேணாம், உடனே வாங்கிடுங்க. அதே மாதிரி சம்பளம் தராம இழுத்தடிக்கிற இடத்துலயோ அடி வாங்குற வீட்டுலயோ "இருக்கறதே போதும்"னு யாராச்சும் சொன்னா கேட்காதீங்க (சபையிலயே சிலர் சொல்வாங்க), அடிமையா இருக்கறவனுக்கு விடுதலை கிடைச்சா அதைப் பயன்படுத்திக்கன்னு சொன்னதும் இதே பவுல்தான், 1 கொரிந்தியர் 7:21.