பழைய சைக்கிள், புது 11 ஸ்பீடு: ஹப்பை மாற்ற வேண்டாம்

3x9 கியருள்ள (முன்னால் 3, பின்னால் 9 பற்சக்கரம்) பழைய மவுண்டன் பைக்கை, முன்னால் ஒரே பற்சக்கரம் இருக்கும் ஒற்றைச் செயின்ரிங்குக்கு மாற்ற நினைத்தால், ஷிமானோ 12 ஸ்பீடு பக்கம் போகாதீர்கள். அதற்கு மைக்ரோ ஸ்ப்லைன் வகை ஃப்ரீஹப் (பின் சக்கர நடுவில் பற்சக்கரத் தொகுதி உட்காரும் உருளை) வேண்டும். கடைசியில் புதுச் சக்கரமே வாங்க நேரும். டியோர் எம்5100 போன்ற 11 ஸ்பீடு மவுண்டன் கேசட் (பின் பற்சக்கரத் தொகுதி), 8/9/10 ஸ்பீடுக்கான ஹெச்ஜி என்ற பழைய வகை ஃப்ரீஹப்பிலேயே உட்காரும். ரோடு பைக் 11 ஸ்பீடு கேசட் பெரும்பாலும் உட்காராது, கவனம்.

கேசட், செயின், ஷிஃப்டர் (கியர் மாற்றும் லீவர்), பின் டிரெய்லியர் (செயினைப் பல் விட்டுப் பல் நகர்த்தும் கருவி) நான்கையும் சேர்த்தே மாற்றுங்கள். பழைய 9 ஸ்பீடு டிரெய்லியரை வைத்து ஒப்பேற்றினால் கேபிள் இழுப்பளவு பொருந்தாது. எவ்வளவு ட்யூன் செய்தாலும் கியர் தாவும். கேசட்டைப் பிடித்து இறுக்கும் லாக்ரிங்கை 40 நியூட்டன் மீட்டருக்கு முறுக்குங்கள்.

முன்னால், 104 மி.மீ. பிசிடி (போல்ட் துளைகள் அமையும் வட்டத்தின் விட்டம்) கிராங்க் என்றால் 32 பல் நாரோ-வைட் ரிங்கை (குறுகிய பல்லும் அகலப் பல்லும் மாறி மாறி வருவது) நடு ரிங் இடத்தில் பூட்டலாம். பழைய நீள போல்ட் முழுதாக இறுகாது, ரிங் ஆடும். ஒற்றை ரிங்குக்கான குட்டை போல்ட் தனியாகக் கிடைக்கும். எல்லாம் சரியாகப் பூட்டியும் பெரிய பற்சக்கரத்தில் கரகரவென்று சத்தம் வந்தால், முதலில் டிரெய்லியர் ஹேங்கர் (டிரெய்லியரை ஃபிரேமில் தாங்கும் துண்டு) வளைந்திருக்கிறதா பாருங்கள். டிரெய்லியருக்கும் பற்சக்கரத்துக்கும் இடைவெளியைச் சரிசெய்யும் பி-ஸ்க்ரூ அப்புறம்.