சிறிய மோட்டார் ஹோமுக்கு சேசிஸ் எடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடியில், வேன்களை ஓடும் வீடுகளாக, அதாவது மோட்டார் ஹோம்களாக மாற்றும் என் பட்டறைக்கு வருபவர்களில் பாதிப் பேர் சேசிஸை, அதாவது வீடு கட்டும் அடிப்படை வண்டியை, வாங்கிவிட்டுத்தான் வருகிறார்கள். பணம் கொடுத்தாயிற்று, சக்கரத்தில் எலுமிச்சம்பழமும் நசுக்கியாயிற்று. அதற்குப் பிறகு, "இதில் கட்டில், அடுப்படி, கழிப்பறை எல்லாம் அடங்குமா?" என்று கேட்கிறார்கள். அடங்கும். வண்டி சுமக்குமா என்பதை ஒருவரும் கேட்பதில்லை. துருப்பிடித்ததை வாங்காதே, எஃப்.சி. பார்த்து வாங்கு என்பதெல்லாம் ஊரறிந்த புத்தி. அவற்றை இங்கே சொல்லப்போவதில்லை.

நீளத்தை அளந்து, சுமையை மறப்பது

எனக்கு இன்றுவரை எரிச்சலூட்டுவது இதுதான். ஆர்.சி. புத்தகத்தில் இரண்டு எடைகள் இருக்கும்: வெற்று வண்டியின் எடை, ஏற்றிய பிறகு இருக்கக்கூடிய மொத்த எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் சொத்து. கட்டில் முதல் கரண்டி வரை அதற்குள் முடிய வேண்டும்.

கூட்டிப் பாருங்கள். நான்கு பேர், ஆளுக்கு 75 கிலோ என்றால் 300. நூறு லிட்டர் தண்ணீர், 100 கிலோ. வீட்டு இன்வர்ட்டருக்கு வைக்கும் டியூபுலர் பேட்டரி இரண்டு, ஏறத்தாழ 110. 18 மி.மீ. பிளைவுட் எட்டுக்கு நான்கு அடிப் பலகை ஒன்று 35 கிலோ அளவில் வரும்; ஆறு பலகைக்கு 210. ஆயிற்று 720 கிலோ. ஏசி, ஃபிரிட்ஜ், மெத்தை, துணிமணி இன்னும் ஏறவில்லை.

தேவகோட்டைப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். பழநிக்குப் பாதயாத்திரை போகும் குடும்பம். நடப்பவர்களுக்குத் துணையாக, வயதான ஆச்சி படுத்து வர ஒரு வண்டி வேண்டும். நல்ல எண்ணம். ஆனால் குட்டை வீல்பேஸ் (முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே உள்ள தூரம்) வேன் ஒன்றை மலிவாகக் கிடைத்தது என்று வாங்கிவிட்டார். தரைக்கு ஆத்தங்குடிக் கல் பதிக்க வேண்டும், அலமாரிக்கு இடித்த வீட்டின் பர்மாத் தேக்குக் கதவுகள் வேண்டும் என்றார். ஆத்தங்குடிக் கல் சிமெண்ட். சதுர அடிக்கு நான்கு கிலோ என்று வைத்தாலும் நாற்பது சதுர அடிக்கு 160 கிலோ. "அண்ணே, இது செட்டிநாட்டு வளவு வீடு இல்லை, வண்டி" என்று சொல்லிப் பார்த்தேன். வேறு இடத்தில் கட்டிக்கொண்டார். பின்னால் தொங்குகிறது என்று மறுபடி என்னிடம் வந்தபோது எடைமேடையில் ஏற்றினோம். ஆள் ஏறும் முன்பே பின் அச்சு தாங்கக்கூடிய எடை தாண்டியிருந்தது. கல்லைப் பெயர்த்தோம்; கதவுகள் அவர் வீட்டுக்கே திரும்பின. பதித்த கூலியும் பெயர்த்த கூலியும் தண்டம்.

"ஸ்பிரிங்கில் இரண்டு பட்டை கூடப் போட்டால் சரியாகிவிடும்" என்று ஒரு மெக்கானிக் சொல்வார். நம்பாதீர்கள். பட்டை போட்டால் வண்டி நிமிர்ந்து நிற்கும், அவ்வளவுதான். அச்சும் பிரேக்கும் டயரும் பழையவைதானே? டயரின் பக்கவாட்டில் 106 என்ற சுமைக் குறியீடு இருந்தால் ஒரு டயர் 950 கிலோ தாங்கும். 100 என்றால் 800 கிலோதான். கொடைக்கானல் மலையில் இறங்கும்போது பட்டை வந்து பிரேக் பிடிக்காது.

எடை போடும்போது இரண்டு சீட்டு வாங்குங்கள். முழு வண்டிக்கு ஒன்று, பின்சக்கரங்கள் மட்டும் மேடையில் நிற்க இன்னொன்று. மொத்தம் சரியாக இருந்தும் பின் அச்சு மட்டும் மிஞ்சிய வண்டிகள் ஏராளம்.

பின் அச்சுக்கு அப்பால் பாரம்

மேலே சொன்னதன் தம்பி. வீல்பேஸ் 3350 மி.மீ. உள்ள வண்டியில், பின் அச்சுக்கு 1.2 மீட்டர் பின்னால் நூறு லிட்டர்த் தொட்டி வைத்தால் பின் அச்சில் ஏறுவது நூறு கிலோ அல்ல, 136 கிலோ. முன் அச்சு 36 கிலோ இழக்கும். ஸ்டீயரிங் லேசாவது அதனால்தான். தொட்டியையும் பேட்டரியையும் இரண்டு அச்சுகளுக்கு நடுவே வைக்க இடம் இருக்கிறதா என்று வாங்கும் முன்பே வண்டிக்கு அடியில் குனிந்து பாருங்கள். ஃபோர்ஸ் டிராவலரில் 3350, 3700, 4020 என்று வீல்பேஸ்கள் உண்டு. நீளம் வேண்டுமென்றால் நீள வீல்பேஸை எடுங்கள். குட்டையை வாங்கிப் பின்னால் வால் கட்டாதீர்கள்.

மோனோகாக் வண்டியின் கூரையை வெட்டுவது

டாடா விங்கர், ஃபோர்ஸ் அர்பேனியா போன்றவற்றில் உடலே சட்டம். தகடும் தூணும் சேர்ந்துதான் பாரத்தைத் தாங்குகின்றன. கூரையை அறுத்து உயர்த்துவதும், தூணை வெட்டிப் பெரிய ஜன்னல் வைப்பதும் எலும்பை எடுப்பதற்குச் சமம். உயரம் வேண்டுமென்றால் கம்பெனியே உயரக் கூரையோடு தரும் மாடலை வாங்குங்கள். வீட்டுப் பெட்டியைத் தனியாகக் கட்ட ஆசைப்பட்டால், தனிச் சட்டமும் கேபினும் மட்டும் உள்ள சேசிஸ்தான் சரி.

உயரம்

தலை இடிக்காமல் நிற்க முடிந்தால் போதும். அதற்கு மேல் கட்டும் ஒவ்வோர் அங்குலத்தையும் பாம்பன் பாலத்துக் காற்று பிடித்து ஆட்டும்.

மினி லாரி

இருவருக்கு மேல் என்றால் வேண்டாம்.

காகிதம் பிறகு பார்க்கலாம் என்பது

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த வடிவத்தை இஷ்டப்படி மாற்ற இடம் தரவில்லை. 2019இல் உச்ச நீதிமன்றமும் அதையே சொல்லிவிட்டது. மோட்டார் கேரவனுக்கென்று (மோட்டார் ஹோமுக்குக் காகிதத்தில் அதுதான் பெயர்) ஏ.ஐ.எஸ். 124 என்ற தனித் தரநிலையும் இருக்கிறது. நீங்கள் பார்த்து வைத்திருக்கும் சேசிஸைக் கேரவனாகப் பதிய முடியுமா என்று வரைபடத்தோடு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முதலில் கேளுங்கள். பழைய வீட்டுச் சாமான் கடைகள் இருக்கும் எங்கள் ஊர் முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய மரம் பார்க்க அதற்குப் பிறகு போகலாம்.