தள்ளுபடி கவுண்ட்டவுனில் +05:30 சேருங்கள்

இணையத்தளத்தில் தள்ளுபடிக்கு கவுண்ட்டவுன் வைக்கும்போது, பூச்சியத்தை நோக்கி ஓடும் அந்தக் கடிகாரத்தின் நிரலில், முடிவு நேரத்தின் கடைசியில் +05:30 என்று சேர்த்து எழுதுங்கள். உலகப் பொது நேரத்தை (UTC) விட இலங்கை நேரம் ஐந்தரை மணி நேரம் முந்தியது என்பதைத்தான் அது சொல்கிறது. அது இல்லாவிட்டால், பக்கத்தில் கடிகாரத்தை ஓட்டும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் அந்த முடிவு நேரத்தைப் பார்ப்பவரின் ஊர் நேரமாகவே எடுத்துக்கொள்ளும். மருதமுனை கைத்தறிச் சாரமும் சாறியும் விற்கும் ஒரு கடை ஏப்ரல் 12 இரவு 8 மணிக்குத் தள்ளுபடியை முடிக்கிறது என்று வையுங்கள். மட்டக்களப்பில் கடிகாரம் பூச்சியத்துக்கு வந்த பிறகும் ரொறன்ரோவில் இருப்பவருக்கு இன்னும் ஒன்பதரை மணி நேரம் ஓடிக்கொண்டிருக்கும், லண்டனில் நாலரை மணி நேரம். ஊரில் உள்ள அம்மாவுக்குச் சாறி அனுப்ப நினைத்து அவர் வந்து பார்க்கும்போது, கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தும் தள்ளுபடி இல்லாத பழைய விலை நின்றால் ஏமாற்றிவிட்டார்கள் என்றுதான் நினைப்பார். அந்த நம்பிக்கையைத் திரும்பச் சம்பாதிப்பது பெரிய பாடு.

மின்னஞ்சலில் இந்த வழி சரிவராது. அங்கே ஜாவாஸ்கிரிப்ட் வேலை செய்யாது, கவுண்ட்டவுனைப் பெரும்பாலும் ஜிஃப் என்ற அசையும் படமாகத்தான் வைப்பார்கள். ஆப்பிள் மெயிலின் தனியுரிமைப் பாதுகாப்பு இயங்கினால் மின்னஞ்சலைத் திறக்கும் முன்பே படம் இறங்கிவிடலாம், அதனால் காட்டும் நேரம் பிழைக்கலாம். "ஏப்ரல் 12, இலங்கை நேரம் இரவு 8 மணி வரை" என்று எழுத்திலேயே போடுங்கள்.

வாங்குபவர்கள் எல்லோரும் இலங்கையிலேயே இருந்தால் பெரிதாக வித்தியாசம் தெரியாது. ஒவ்வொருவருக்கும் முதலில் வந்த நேரத்திலிருந்து 24 மணி நேரம் என்று கொடுப்பதற்கும் இது தேவையில்லை. அப்புறம், உண்மையான முடிவு நேரமே இல்லாத விற்பனைக்குக் கடிகாரம் வைக்கவே வேண்டாம்.