ஏற்காட்டுக்குச் சைக்கிளில் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் சேலம் கோரிமேட்டைத் தாண்டி ஏற்காடு அடிவாரத்துக்குப் போனால், புதிதாக ரோடு சைக்கிள் வாங்கிய இளைஞர்கள் நாலைந்து பேராவது அங்கே டீ குடித்துக்கொண்டு நிற்பார்கள். சேர்வராயன் மலைப்பாதையில் பதினைந்து ஆண்டுகளாகச் சைக்கிள் ஓட்டுகிறவன் என்பதால், அவர்கள் கிளம்புவதையும் திரும்பி வருவதையும் கவனித்துப் பார்ப்பது எனக்குப் பழக்கம். நான் முதல் இரண்டு ஆண்டுகளில் செய்த தவறுகளையே அவர்களும் வரிசை மாறாமல் செய்கிறார்கள். போன மாதம் ஓர் இளைஞர் பின்சக்கரம் வெடித்து, முழங்கை தோல் உரிந்து, சைக்கிளைத் தோளில் சுமந்துகொண்டு அடிவாரத்துக்கு நடந்து வந்ததைப் பார்த்த பிறகு இதை எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது. தலைக்கவசம் அணியுங்கள், பஞ்சர் சாமான்களை எடுத்துப் போங்கள் என்பவற்றையெல்லாம் சைக்கிள் விற்ற கடைக்காரரே சொல்லியிருப்பார் என்பதால் அவற்றை இங்கே சொல்லப்போவதில்லை.

சராசரி வாட்டத்தை நம்புவது

ஏறும் மொத்த உயரத்தைத் தூரத்தால் வகுத்து, அதையே சாலையின் வாட்டமாக, அதாவது சரிவாக, எடுத்துக்கொண்டு, "சராசரி 5 சதவீதம்தானே" என்று முடிவுகட்டுவது முதல் தவறு. 20 கிலோமீட்டரில் 1,000 மீட்டர் ஏறும் சாலைக்குச் சராசரி 5 சதவீதம் என்பது கணக்கில் சரிதான். ஆனால் அந்தச் சாலையில் 4 கிலோமீட்டர் தூரம் ஏறக்குறைய சமதளமாக இருந்தால், மீதமுள்ள 16 கிலோமீட்டருக்குச் சராசரி 6 சதவீதத்தைத் தாண்டிவிடுகிறது. அதிலும் சில இடங்கள் 9, 10 சதவீதமாக நிமிரும்போது கால் அங்கேயே நின்றுவிடுகிறது. ஏற்காட்டுச் சாலையின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் கொல்லிமலையின் 70 வளைவுகளையும் எண்ணிக்கையை மட்டும் வைத்து ஒப்பிடுவதும் இதே வகைப் பிழைதான். வளைவு அதிகமான சாலை எல்லாமே கடினமான சாலை அல்ல. செங்குத்தான சரிவைத் தாங்கக்கூடிய ஏற்றமாக மாற்றுவதற்காகத்தான் சாலையை மடித்து மடித்துப் போடுகிறார்கள். வளைவே இல்லாமல் நேராக நிமிர்ந்து போகும் ஒரு கிலோமீட்டர்தான் பல நேரங்களில் ஆளைச் சாய்க்கிறது. ஆகவே வரைபடத்தில் ஒவ்வொரு கிலோமீட்டரின் வாட்டத்தையும் தனித்தனியாகப் பாருங்கள்.

சமவெளிக்கான கியரோடு மலைக்குப் போவது

மிதிகட்டையோடு சுழலும் முன் பல்சக்கரத்தில் 34 பல், பின்சக்கரத்துப் பல்சக்கரங்களில் அதிகபட்சம் 28 பல் என்றால், நிமிடத்துக்கு 60 சுற்று மிதிக்கும்போது வேகம் மணிக்கு 9 கிலோமீட்டர் சொச்சம் இருக்கும். 9 சதவீத ஏற்றத்தில் அந்த வேகத்தை ஒரு மணி நேரம் காப்பாற்றப் புதியவர்களில் பெரும்பாலோரால் முடியாது. சுற்று 45-க்கு இறங்கும், முழங்கால் வலி தொடங்கும். பின்னால் 34 பல் இருந்தால் அதே 60 சுற்றில் ஏழரை கிலோமீட்டர் வேகத்தில் ஏறலாம். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

இறக்கம் முழுவதும் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே வருவது

இத்தனை ஆண்டுகள் கழிந்தும் எனக்குக் கோபம் வரவழைக்கும் தவறு இதுதான். ஏற்றத்துக்காக மூன்று மாதம் பயிற்சி எடுக்கிறவர்கள், இறக்கத்தை உழைப்புக்குக் கிடைத்த ஓய்வாக நினைத்துக்கொண்டு, இரண்டு பிரேக்கையும் லேசாக அழுத்திப் பிடித்தபடி முக்கால் மணி நேரம் வருகிறார்கள். சக்கரம் வெடித்த பிறகு கேட்டால், "மெதுவாகத்தானே அண்ணா இறங்கினேன்" என்கிறார்கள். மெதுவாக இறங்கியதுதான் காரணம் என்பதை நடுச்சாலையில் நின்று விளக்கிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

கணக்கைப் பாருங்கள். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ இருந்தால், 1,000 மீட்டர் உயரம் இறங்கும்போது வெளியேற வேண்டிய ஆற்றல் சுமார் 784 கிலோஜூல். 30 டிகிரியில் இருக்கும் இரண்டரை லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இது போதும். இந்த ஆற்றலை வாங்கிக்கொள்வதற்குக் காற்று, பிரேக் என்று பெரும்பாலும் இரண்டே இடங்கள்தான் உள்ளன. வேகமாகப் போகும்போது எதிர்க்காற்று பெரும்பங்கை எடுத்துக்கொள்கிறது; மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்து வரும்போது காற்றின் பங்கு அற்பமாகி, ஏறக்குறைய முழுச் சுமையும் பிரேக் கட்டை வழியாக ரிம்முக்கு, அதாவது டயர் உட்காரும் சக்கர வளையத்துக்கு, போகிறது. கட்டை இடைவிடாமல் உரசிக்கொண்டே இருப்பதால் ரிம் ஆறுவதற்கு ஒரு நொடிகூடக் கிடைப்பதில்லை. அந்தச் சூடு டியூபுக்குள் இருக்கும் காற்றுக்குப் போகிறது. 100 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) அடித்த டயருக்குள் காற்று 30 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குச் சூடானால், அழுத்தம் ஏறத்தாழ 119 பி.எஸ்.ஐ. ஆகிவிடும். டயரின் விளிம்பு ரிம்மைவிட்டு எழும்பினால், அடுத்து வெடிச்சத்தம்தான்.

என் இரண்டாம் ஆண்டில் ஏற்காட்டுச் சாலையில் உள்ள 60 அடி பாலத்துக்கு அருகில் எனக்கு இதுவே நடந்தது. முன் பிரேக்கைத் தொட்டால் தலைகுப்புற விழுவோம் என்ற பயத்தில் பின் பிரேக்கை மட்டுமே பிடித்துக்கொண்டு வந்தேன். ரப்பர் கருகும் வாசனை வந்தபோது, முன்னால் போன லாரியிலிருந்து வருகிறது என்று நினைத்துக்கொண்டேன். பின்சக்கரம் வெடித்து, மலைப்பக்கம் இருந்த வடிகாலில் விழுந்து, இடது மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. வலதுபுறம் விழுந்திருந்தால் எதிரே வந்த பேருந்துக்கு அடியில் போயிருப்பேன். பிறகு அடிவாரத்துப் பஞ்சர் கடைப் பெரியவர் டியூபை வெளியே எடுத்து, விளக்குக்கு நேரே பிடித்துக் காட்டினார். பழைய பஞ்சருக்கு ஒட்டிய ஒட்டு ஒரு விரல் அகலம் நகர்ந்திருந்தது. அதன் அடியில் இருந்த சொல்யூசன் பசை இளகி, பலாப்பிசின் போல நூல் நூலாக வந்தது. "தம்பி, மலைக்கு ஒட்டுப் போட்ட டியூபு ஆகாது" என்றார். அன்றிலிருந்து மலைக்குப் போகும் நாளில் புது டியூப் மட்டுமே போடுகிறேன்.

செய்ய வேண்டியது இதுதான். நேரான பகுதியில் பிரேக்கை முழுமையாக விட்டுவிடுங்கள்; வளைவுக்கு முன்னால், சைக்கிள் நிமிர்ந்திருக்கும்போதே, இரண்டு பிரேக்கையும் அழுத்தமாகவும் குறுகிய நேரத்துக்கும் பிடித்து வேகத்தைக் குறையுங்கள்; வளைவுக்குள் நுழையும்போது கையைத் தளர்த்துங்கள். நிறுத்தும் வலிமை அதிகமாக இருப்பது முன் பிரேக்கில்தான். உடலைப் பின்னால் தள்ளி உட்கார்ந்து சீராக அழுத்தினால் தலைகுப்புற விழ மாட்டீர்கள். கைப்பிடியின் மேல்பகுதியைப் பிடித்தபடி பிரேக் அழுத்தினால் விரல்கள் பத்து நிமிடத்தில் சோர்ந்துவிடும். வளைந்த கீழ்ப்பகுதியைப் பிடித்தால் குறைந்த பலத்தில் அதே வேலை நடக்கும். வேகமாக இறங்க மனம் ஒப்பாதவர்கள், ஒப்பாமல் இருப்பதில் தவறே இல்லை, நடுவில் குறைந்தது மூன்று இடங்களிலாவது அகலமான ஓரம் பார்த்து நின்றுவிடுங்கள். ரிம்மில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். தோசைக்கல்லில் தெளித்ததுபோலச் சுர்ரென்றால் இன்னும் ஐந்து நிமிடம் நிற்க வேண்டும். விரலால் தொட்டுப் பார்க்காதீர்கள்.

கார்பன் ரிம் வைத்திருப்பவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம், ஏனென்றால் அதிலுள்ள பிசினே சூட்டில் இளகிவிடும். ரிம்மைப் பிடிக்காமல் சக்கரத்தின் நடுவிலுள்ள தட்டைப் பிடிக்கும் டிஸ்க் பிரேக்கில் டயர் வெடிக்கும் அபாயம் பெரும்பாலும் இல்லை என்பது உண்மைதான்; ஆனால் விடாமல் பிடித்துக்கொண்டே வந்தால் அதன் கட்டையும் பளபளப்பேறிப் பிடிப்பை இழக்கும்.

ஏறாத சாலையில் இறங்குவது

போன வழியிலேயே திரும்புவது சலிப்பாக இருக்கிறது என்று, ஏறிய பிறகு கொட்டச்சேடு, குப்பனூர் வழியாக இறங்கத் திட்டம் போடுகிறவர்கள் பலர். அந்தச் சாலை அழகானது, வாகனமும் குறைவு; நானும் விரும்பிப் போகிற பாதைதான். ஆனால் ஒரு சாலையில் ஏறிப் போகும்போது, மணல் எங்கே படிந்திருக்கிறது, தார் எங்கே பெயர்ந்திருக்கிறது, எந்த வளைவு உள்ளே போகப் போக இறுகுகிறது என்பதெல்லாம் நம் காலுக்கும் கண்ணுக்கும் நிதானமாகப் பதிந்துவிடுகிறது. முதல் தடவை இறங்கும்போது அதைத் தெரிந்துகொள்ள நேரம் கிடையாது. ஒருமுறையாவது குப்பனூரிலிருந்து ஏறிப் பார்த்துவிட்டு, அடுத்த முறை அந்த வழியாக இறங்குங்கள். மழைக்காலம் என்றால் மண்சரிவு இருக்கிறதா என்று முந்தின நாளே விசாரித்துக்கொள்ளுங்கள்.

கொண்டை ஊசி வளைவில் உள்பக்கத்தை ஒட்டுவது

ஏறும்போது இடதுபக்க வளைவின் உள்விளிம்புதான் மிகவும் செங்குத்தானது. பின்னால் வாகனம் இல்லையென்று பார்த்துவிட்டு, உங்கள் பாதிச் சாலைக்குள்ளேயே சற்று வெளியே தள்ளி ஏறுங்கள். இறங்கும்போது வலதுபக்க வளைவைக் குறுக்கே வெட்டாதீர்கள். மேலே ஏறும் பேருந்து அந்த வளைவில் திரும்புவதற்குச் சாலை முழுவதையும் எடுத்துக்கொள்ளும்.

வேர்த்த சட்டையோடு இறங்குவது

மேலே போய்ச் சேரும்போது உடம்பு நனைந்திருக்கும். டிசம்பர், ஜனவரி காலைகளில் அப்படியே இறங்கினால் நான்காவது கிலோமீட்டரில் விரல் மரத்துப்போகும். மரத்த விரலால் பிரேக் பிடிக்க முடியாது. காற்றுத் தடுக்கும் மெல்லிய மேல்சட்டை இல்லாதவர்கள், டீக்கடையில் நேற்றைய நாளிதழை வாங்கி, விரித்து நெஞ்சுக்கும் சட்டைக்கும் நடுவில் செருகிக்கொள்ளலாம்.

மே மாதக் கோடை விழா நாட்களில் போவது

போகாதீர்கள்.

கைப்பிடியில் வாழைப்பழப் பை தொங்கவிடுவது

குரங்கு வரும்.

அடிவாரத்துக்கு முன்பே காலைச் செலவழிப்பது

இது கொல்லிமலைக்குப் போகிறவர்கள் அதிகமாகச் செய்வது. நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாகக் காரவள்ளிக்குப் போகும் சாலையில் உற்சாகமாக ஒருவரையொருவர் முந்திக்கொண்டு போய், முதல் பத்து வளைவிலேயே மூச்சு வாங்கி நிற்கிறார்கள். அடிவாரம் வரை பேச்சு தடைபடாத வேகத்தில் போனால் போதும்.

வீடு திரும்பியதும் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிடுவது

இறக்கம் முடிந்த அன்றே பிரேக் கட்டைகளைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். ரிம்மிலிருந்து உரிந்த அலுமினியத் துணுக்குகள் வெள்ளி மினுக்குப் போல ரப்பருக்குள் பதிந்திருக்கும். அவற்றை விட்டுவைத்தால் அடுத்த இறக்கத்தில் ரிம்மை அரம் போல அராவி வரிவரியாகக் கோடு போட்டுவிடும். தையல் ஊசியால் ஒவ்வொன்றாகக் கிளறி எடுத்து, கட்டையின் முகத்தை உப்புத்தாளில் நான்கு தடவை தேய்த்துவிட்டு மறுபடி மாட்டுங்கள். மொத்தம் பத்து நிமிட வேலை.