பழைய மியூசிக் பிளேயர் வாங்கும் முன்: ராக்பாக்ஸ் ஓடுமா என்று பாருங்கள்

பழைய பொருள்கள் விற்கும் கரோசெல் தளத்தில் ஒரு ஐபாடோ சான்டிஸ்க் கிளிப்போ கண்ணில் பட்டால், பேட்டரி எப்படி, கீறல் உண்டா என்றுதான் விற்பவரிடம் கேட்கிறோம். அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது: தயாரித்த நிறுவனத்துக்கு வெளியே யாராவது இந்த மாடலுக்கு ஃபர்ம்வேர், அதாவது கருவியை உள்ளிருந்து இயக்கும் மென்பொருள், எழுதுகிறார்களா? பேட்டரியை மாற்றலாம், மூடியையும் மாற்றலாம். நிறுவனம் கைவிட்ட மென்பொருளை நம்மால் ஒன்றும் செய்ய முடியாது. ஐபாட் கிளாசிக்கை ஆப்பிள் 2014இல் நிறுத்திவிட்டது. ஆனால் 2001இல் ஆர்க்கோஸ் பிளேயர்களுக்காகத் தொடங்கிய ராக்பாக்ஸ் என்ற திறமூல ஃபர்ம்வேர் அதில் இன்றும் ஓடுகிறது. ஆப்பிள் தராத ஃபிளாக், ஓபஸ், ஓக் வோர்பிஸ் ஆகிய ஒலிக்கோப்பு வடிவங்களுக்கான ஆதரவையும் அது சேர்த்துக் கொடுக்கிறது.

ராக்பாக்ஸ் தளம் ஒவ்வொரு மாடலும் எந்த நிலையில் இருக்கிறது என்று பிரித்துப் போட்டிருக்கும். 'நிலையானது' என்ற பட்டியலில் இருந்தால் மட்டும் காசு கொடுங்கள். ஐபாட் வீடியோ, ஐபாட் கிளாசிக், கிளிப் பிளஸ், கிளிப் ஜிப் எல்லாம் நம்பி வாங்கலாம். ஐபாடின் பின்பக்கம் பொடி எழுத்தில் மாடல் எண் இருக்கும்: வீடியோவுக்கு ஏ1136, கிளாசிக்குக்கு ஏ1238. அந்தப் பக்கத்தின் படத்தை விற்பவரிடம் கேட்டு வாங்குங்கள். ஐபாட் டச் இதற்கு உதவாது. நம்மூர் சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் செய்த பழைய சென் பிளேயர் வீட்டு அலமாரியில் கிடந்தால், அதன் முழுப் பெயரை வைத்துத் தேடுங்கள். 'சென்' என்ற பெயரில் உள்ளே வேறு வேறு சில்லுகளோடு பல மாடல்கள் வந்தன, ஒன்றின் கோப்பு இன்னொன்றுக்குப் பொருந்தாது.

நிறுவும்போது வரும் சிக்கல்களில் பாதி, வட்டு எப்படி ஃபார்மட் ஆகியிருக்கிறது என்பதில்தான். ராக்பாக்ஸ் ஃபேட்32 என்ற வட்டு வடிவத்தை மட்டுமே படிக்கும். மேக்கோடு பயன்படுத்திய ஐபாட் என்றால் அது பெரும்பாலும் ஆப்பிளின் எச்எஃப்எஸ் பிளஸ் வடிவத்தில் இருக்கும். விண்டோஸ் கணினியில் ஐடியூன்ஸ் வழியாக ஒருமுறை ரீஸ்டோர் செய்தால் ஃபேட்32 ஆகிவிடும். உள்ளே இருக்கும் பாட்டெல்லாம் அழிந்துவிடும், முதலில் நகல் எடுங்கள். கிளிப் பிளஸில் போடும் 64 ஜிபி மைக்ரோ எஸ்டி அட்டை கடையிலிருந்து எக்ஸ்ஃபேட் என்ற வேறு வடிவத்தில் வரும்; அப்படியே செருகினால் அட்டை காலியாகவோ இல்லாததாகவோ தெரியும். விண்டோஸின் வழக்கமான ஃபார்மட் பெட்டி 32 ஜிபிக்கு மேல் பெரும்பாலும் ஃபேட்32 தராது. ஜியுஐஃபார்மட் போன்ற சிறு கருவி ஒன்றே போதும்.

அடுத்து நிறுவுதல். பேட்டரி பாதிக்கு மேல் இருக்கட்டும். கிளிப் பிளஸ் என்றால் அமைப்புகளில் யுஎஸ்பி மோடை எம்எஸ்சிக்கு மாற்றுங்கள். எம்டிபியில் விட்டால் கணினி அதை டிரைவாகக் காட்டாது, நிறுவும் கருவிக்கும் அது தெரியாது. அந்தக் கருவியான ராக்பாக்ஸ் யுட்டிலிட்டியைக் கணினியில் திறந்து, உங்கள் மாடலையும் டிரைவையும் தேர்ந்தெடுத்து, பூட்லோடர் (ராக்பாக்ஸைத் தொடங்கிவைக்கும் சிறு நிரல்), ராக்பாக்ஸ், எழுத்துருக்கள் மூன்றையும் டிக் செய்யுங்கள். ஐபாட் கிளாசிக்குக்கு மட்டும் இடையில் டிஎஃப்யு என்ற, ஃபர்ம்வேர் ஏற்றுவதற்கான நிலைக்குப் போகச் சொல்லும். அதற்கு மெனுவையும் நடுப் பொத்தானையும் சேர்த்து ஏறக்குறைய 12 நொடி பிடியுங்கள். ஆப்பிள் சின்னம் வந்ததும் விரலை எடுத்தால் அது வெறும் ரீஸ்டார்ட்தான். திரை மறுபடி கறுப்பாகும்வரை விடாதீர்கள். ஐடியூன்ஸ் மூடியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் அது குறுக்கே வரும். கிளிப் பிளஸோ கேபிளைக் கழற்றியதும் தானாக ஃபர்ம்வேர் புதுப்பிப்பு ஓட்டும்; முடியும்வரை எதையும் அழுத்தாதீர்கள்.

'கோப்பு கிடைக்கவில்லை' என்று திரையில் வந்தால் பதற வேண்டாம். பூட்லோடர் ஏறிவிட்டது, புள்ளியில் தொடங்கும் ராக்பாக்ஸ் கோப்புறை மட்டும் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. அது டிரைவின் முதல் மட்டத்தில் இருக்க வேண்டும். கையால் நகலெடுப்பவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள், ஏனென்றால் மேக் அந்தக் கோப்புறையை மறைத்து வைக்கும். கிளிப் பிளஸில் பழைய ஃபர்ம்வேர் வேண்டுமென்றால் இடது பொத்தானைப் பிடித்தபடி இயக்குங்கள், அது அழிவதில்லை.

ஓடத் தொடங்கியதும் பாட்டுகளின் பட்டியலான டேட்டாபேஸை ஒருமுறை உருவாக்கச் சொல்லுங்கள். ஆல்பம் படம் வராவிட்டால் அது புரோகிரசிவ் ஜேபெக் ஆக இருக்கலாம். சாதாரண பேஸ்லைன் ஜேபெக்காகச் சேமித்து ஆல்பம் கோப்புறையில் போடுங்கள். மூன்று மணி நேரக் கச்சேரிப் பதிவு கேட்பவர்கள் புக்மார்க்கை இயக்கிக்கொள்ளுங்கள், விட்ட இடத்திலிருந்து தொடரும். பாட்டுப் பெயர்களைத் தமிழில் வைத்திருந்தால் ஒரு வருத்தம் உண்டு: ராக்பாக்ஸ் எழுத்துகளைச் சேமித்த வரிசையிலேயே வரைகிறது, அதனால் 'கெ' என்பதில் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய்விடும். தமிழ் இல்லாத எழுத்துருவில் அதுவும் வராது. இப்போதைக்கு ரோமன் எழுத்தில் டேக் செய்வதே படிக்க வசதி.

கிளிப் பிளஸில் எஃப்எம்மும் உண்டு. ஒலி 96.8 வானொலி கிடைக்கவில்லை என்றால் ரேடியோ அமைப்பில் பகுதி 'அமெரிக்கா' என்று இருக்கிறதா பாருங்கள். அதில் அலைவரிசை 96.7இலிருந்து நேராக 96.9க்குத் தாவும். 'ஐரோப்பா' என்று மாற்றி, இயர்போனைச் செருகியே வைத்திருங்கள், அதன் கம்பிதான் ஆன்டெனா.