பூட்டியைப் பார்த்து வயதுபோகப் பழகுவது எப்படி

2025 சித்திரையில் விசுவாவசு வருஷம் பிறந்த அன்று காலை, தேத்தண்ணியைக் கையில் தந்தபடியே மனைவி சொன்னாள், "உங்கட வருஷம் திரும்பி வந்திட்டுது." நான் 1965இல், போன விசுவாவசுவில் பிறந்தவன். சிரித்தேன், ஆனால் உள்ளுக்குள் கொஞ்சம் பயம்தான். வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியில் லிப்ட் பழுதான நாட்களில், இரண்டாம் மாடியில் நின்று போனைப் பார்ப்பதுபோல நடித்து மூச்சு வாங்குகிற ஆள் நான். அப்போதுதான் பூட்டியின் நினைவு வந்தது. எங்கள் குடும்பத்தில் ஆகக் கூடக் காலம் இருந்தவர் அவர். உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருந்திருப்பார். அவரை வைத்துக்கொண்டு வயதுபோவதற்கு எப்படிப் பழகலாம் என்று நான் செய்து பார்த்ததைச் சொல்கிறேன்.

முதலில் அவருடைய வயதைச் சரியாகக் கண்டுபிடியுங்கள். கிழவர்களின் வயதை வீட்டுக்காரர் ஏற்றித்தான் சொல்வார்கள். எங்கள் பூட்டி 101 வயதில் போனார் என்றுதான் இன்றைக்கும் கதை. ஓலைச் சாதகத்தை எடுத்துப் பார்த்தால் விளம்பி வருஷம் ஆவணி மாதம் என்று இருந்தது, அது 1898. கண்ணை மூடியது 1995 தை. ஆக 96. வருஷப் பெயர் அறுபது வருஷத்துக்கு ஒருமுறை திரும்பி வரும் என்பதால் பெரும்பாலும் குழப்பம் வராது, ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: தமிழ் வருஷம் சித்திரையில் தொடங்குவதால், அதே விளம்பியில் மாசியில் பிறந்தவருக்கு ஆங்கில ஆண்டு 1899 ஆகிவிடும். சாதகம் இல்லாவிட்டால் விவாகப் பதிவு, கிறிஸ்தவர்களானால் கோயிலில் உள்ள ஞானஸ்நானப் பதிவு. அதுவும் இல்லையென்றால் கதை கேட்டுத்தான் பிடிக்க வேண்டும். எந்த வருஷம் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. "ஜப்பான்காரன் கொழும்பில குண்டு போட்டபோது கையில எந்தப் பிள்ளை?" என்று கேட்டால் உடனே பதில் வரும். அது 1942 ஏப்ரல் 5. 1953 ஓகஸ்ட் ஹர்த்தால், 1964 மார்கழிப் புயல், இவையும் நல்ல அடையாளங்கள்.

அடுத்தது, உங்கள் வயதில் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று பாருங்கள். எனக்கு ஆகப் பயன்பட்டது இதுதான். பூட்டிக்கு 60 வந்தது 1958இல். அந்த வருஷக் கலவரத்தில் கொழும்பிலிருந்து அகதிகளை வடக்கே கப்பலில் அனுப்பினார்களே, அதில்தான் அவருடைய மூத்த மகன் மனைவி பிள்ளைகளோடு உடுத்த உடுப்புடன் வந்து இறங்கினார். யாழ்ப்பாணத்து வீட்டில் திடீரென்று பதினொரு வாய். பூட்டன் அதற்கு முன்பே போய்விட்டதால் அறுபதாம் கல்யாணமும் இல்லை, ஒன்றும் இல்லை. அந்த விளம்பியை அவர் அடுப்படியில்தான் கழித்தார். அதற்குப் பிறகும் 36 வருஷம் இருந்தார் என்று கணக்குப் போட்டபோது எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது, ஏனென்றால் நான் அந்தக் கிழமைதான் மகனிடம் "இனி எனக்கு என்ன இருக்கு" என்று புலம்பியிருந்தேன்.

"என்ன சாப்பிட்டார்?" என்று மட்டும் தேடிக்கொண்டு போகாதீர்கள். ஒடியல் கூழ், குரக்கன் பிட்டு என்று உறவுக்காரர் பட்டியல் போடுவார்கள். பூட்டியின் தங்கையும் அதே கூழைத்தான் குடித்தார், இரண்டாவது பிள்ளைப்பேற்றில் இறந்துபோனார். 1946இல் இலங்கையில் பெண்களின் சராசரி ஆயுள் கிட்டத்தட்ட 42 வருஷம்தான், ஆண்களை விடவும் குறைவு. பிள்ளைப்பேற்றில் அவ்வளவு பேர் போனதும் அதற்கு ஒரு காரணம். ஆகவே தப்பி நின்றவரின் சட்டியை மட்டும் பார்த்து முடிவு கட்டக்கூடாது. சீனி வருத்தம் இருக்கிறதென்றால் கிளினிக்குக்குப் போங்கள், பூட்டி போகவில்லையே என்று சொல்லாதீர்கள்.

சாப்பாட்டை விட்டுவிட்டு, எதை எப்போது விட்டார், எதை விடாமல் வழியை மாற்றினார் என்று பாருங்கள். பூட்டிக்குப் பல் போனபோது வெற்றிலையை விடவில்லை, ஒரு பாக்குரல் வாங்கினார். (வெற்றிலை பாக்கு வாய்க்குக் கூடாது, அதைப் பின்பற்றச் சொல்லவில்லை, உரலை மட்டும் பாருங்கள்.) கண் மங்கியதும் ஊசியில் நூல் கோர்க்க என்னைக் கூப்பிடுவார், தைப்பது அவர்தான். கடைசி ஆறு வருஷம் எங்களோடு கொழும்பில் இருந்தபோது மணிக்கூடு தெரியாது, கடற்கரை ரயில் போகிற சத்தத்தை வைத்து மாத்திரை நேரத்தைச் சொல்லுவார். ரயில் பிந்தினால் மாத்திரையும் பிந்தும்! இதையெல்லாம் நினைத்துப் பார்த்துத்தான் குளியலறைச் சுவரில் ஒரு கைபிடி பூட்டினேன். மாபிள் தரையில் விழுந்து இடுப்பு உடைந்த பிறகு பூட்டுகிறவர்களே கூட. போனில் எழுத்தைப் பெரிதாக்குங்கள். மணலில் நடக்க முழங்கால் விடாவிட்டால் விடிய காலிமுகத்திடலுக்கோ சுதந்திர சதுக்கத்துக்கோ போங்கள், தரை சமமாக இருக்கும்.

அப்புறம் மூத்தோர் அடையாள அட்டை. 60 முடிந்ததும் எடுக்கலாம், கிராம சேவகரிடம் தொடங்கிப் பிரதேச செயலகத்துக்குப் போக வேண்டும். மூத்தோர் உரிமைகளுக்கென்று 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் ஒன்று இருக்கிறது. "நான் கிழவன் என்று அட்டையில் எழுதி வைத்திருக்கவா" என்று நான் நாலு மாதம் இழுத்தடித்தேன். விசர் வேலை.

நீண்ட ஆயுளின் மற்றப் பக்கத்தையும் மறைக்காதீர்கள். ஏழு பிள்ளைகளில் நாலு பேரின் சாவை பூட்டி பார்த்தார். மருமகள்மாரோடு ஓயாத சண்டை, பலகாரத்தைத் தலையணைக்குக் கீழே ஒளிப்பார். ஆனால் தன் வயதுக்காரர் எல்லோரும் போய் முடிந்த பிறகும் அவருக்குத் தாயம் உருட்ட ஆள் இருந்தது, கீழ்மாடிப் பள்ளிக்கூடப் பிள்ளைகள். களவாட்டம் ஆடித்தான் வெல்லுவார். எனக்கு இப்போது 35 வயதில் இரண்டு சிநேகிதர்கள் இருக்கிறார்கள், வேண்டுமென்றே பிடித்தவர்கள்.

திவசத்தன்று படைத்துவிட்டு எல்லோரும் சாப்பிட்டுக் கலைந்துபோகாமல், ஆளுக்கு ஒரு சம்பவம் சொல்லுங்கள், புகழ்ச்சி வேண்டாம். போனில் பதிவு செய்யுங்கள். இப்போது உயிரோடு இருக்கிற ஆக வயதானவரிடம் திவசம் வரை காத்திராமல் இந்த ஞாயிறே போங்கள். நான் கொட்டாஞ்சேனையில் இருக்கும் மாமியிடம் போகிறேன், அவருக்கு 91. வாய்ப்பன் கொண்டுபோக வேண்டும், வலது பக்கமாக உட்கார வேண்டும், இடது காது கேளாது.