கொதிக்கிற பழைய லப்டொப்பை வீட்டிலேயே சரிசெய்வது எப்படி?

சித்திரை மாத மத்தியானம். லப்டொப்பின் இடப்பக்கம் கை வைத்தால் தோசைக்கல்லாகச் சுடுகிறது, ஃபேன் ஓயாமல் இரைகிறது, பத்து நிமிடத்தில் தானாகவே நின்றுவிடுகிறது. அக்காவின் மகள் உயர்தர வகுப்புக்குப் பாவிக்கிற ஒன்பது வயது லப்டொப் இப்படித்தான் கிடந்தது. "பழசாகிவிட்டது, புதிதாக வாங்குவோம்" என்றார்கள். நான் திறந்து பார்த்தேன். இயந்திரத்துக்கு ஒன்றுமில்லை, மூச்சுவிடத்தான் வழியில்லை.

லப்டொப்பின் மூளையான புரோசசரின் சூடு ஒரு செப்புக் குழாய் வழியாக மெல்லிய உலோகத் தகடுகளுக்குப் போகிறது. ஃபேன் அந்தத் தகடுகளின் இடுக்குகளால் காற்றை வெளியே தள்ளுகிறது. இடுக்கில் தூசு அடைத்தாலோ, புரோசசருக்கும் செப்புக்கும் நடுவே உள்ள, சூட்டைக் கடத்தும் பசையான தேர்மல் பேஸ்ட் காய்ந்தாலோ சூடு உள்ளேயே நிற்கும். செம்மண் புழுதியும் சோளகக் காற்றும் உள்ள நம் ஊரில் இரண்டு, மூன்று வருடம் திறக்காமல் விட்டால் போதும்.

முதலில் சூட்டை அளந்துகொள்ளுங்கள். கோர் டெம்ப் என்ற இலவச மென்பொருள் போதும். சும்மா இருக்கும்போது 50 பாகை அளவில் இருந்தால் பயமில்லை. வேலை செய்யும்போது 80ஐத் தாண்டுவதும் வழமைதான். 95க்கு மேலேயே நின்றால் கவனிக்க வேண்டும். பார்த்த எண்ணை ஒரு தாளில் எழுதி வையுங்கள், பிறகு தேவைப்படும்.

அடுத்தது செலவில்லாத வேலை. மெத்தையிலோ தலையணையிலோ வைத்துப் பாவிக்காதீர்கள். அடியில் உள்ள காற்றுத் துளைகள் மூடிப்போகும். மேசையில் வைத்து, பின்பக்கத்தை ஒரு புத்தகத்தால் கொஞ்சம் உயர்த்துங்கள், துளை மட்டும் மறையக் கூடாது. கொன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மனேஜர் வரும். அதில் தேவையில்லாமல் ஓடுகிறவற்றை நிறுத்துங்கள். விண்டோஸின் பவர் ஒப்ஷன்ஸில் புரோசசரின் உச்ச அளவை 100 வீதத்திலிருந்து 99 ஆக்கினால் பெரும்பாலான லப்டொப்களில் டர்போ என்ற கூடுதல் வேகம் நிற்கும், சூடும் குறையும். எழுத்து வேலைக்கும் வகுப்புக்கும் வித்தியாசமே தெரியாது.

சரி, இனித் திறப்போம். நிறுத்திவிட்டு சார்ஜரைக் கழற்றுங்கள். அடி மூடியின் திருகாணிகளைக் கழற்றி, எது எங்கே இருந்தது என்று தாளில் படம் கீறி அதே இடத்தில் வையுங்கள், நீளம் மாறிப் பூட்டினால் உள்ளே உள்ள மின்சுற்றுப் பலகை உடையக்கூடும். ரப்பர் கால்களுக்குக் கீழேயும் ஆணி ஒளிந்திருக்கும். மூடி வராவிட்டால் பலவந்தம் வேண்டாம், பழைய ரீலோட் அட்டையை இடுக்கில் விட்டு மெதுவாக நெம்புங்கள். திறந்ததும் முதல் வேலை பற்றரியின் வயரைக் கழற்றுவது. பற்றரி வீங்கியிருந்தால் தொடாதீர்கள், அழுத்தாதீர்கள், அப்படியே கடைக்குக் கொண்டுபோங்கள். அது தீப்பிடிக்கக்கூடியது.

மேலோட்டமாக ஊதிவிட்டு மூடுகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். தூசு ஃபேனில் இருப்பதைவிட, ஃபேனுக்கும் தகடுகளுக்கும் நடுவில்தான் படிந்திருக்கும். ஃபேனின் சின்ன ஆணிகளைக் கழற்றித் தூக்கினேன். கம்பளித் துண்டு போல, செம்மண் நிறத்தில், விரல் அகலத்துக்கு ஒரு படலம் தகடுகளை முழுதாக மூடியிருந்தது. ஊசியால் ஓர் ஓரத்தைக் கிளப்பியதும் முழுதாக உரிந்து வந்தது. மிச்சத்தை மென்மையான தூரிகையால் தட்டுங்கள். காற்றடிக்கும்போது ஃபேன் சுழலாதபடி விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும்.

தேர்மல் பேஸ்ட் மாற்றுவது கொஞ்சம் பொறுமையான வேலை, முதல் தடவை என்றால் தெரிந்தவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். செப்புத் தகட்டின் ஆணிகளுக்குப் பக்கத்தில் பெரும்பாலும் 1, 2, 3 என்று எண் இருக்கும். கழற்றும்போது கடைசி எண்ணிலிருந்து தொடங்கி, ஒவ்வொன்றாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். காய்ந்த பேஸ்டை ஐசோபுறோபைல் அல்கஹோல் நனைத்த துணியால் துடைத்து, ஒரு பயறளவு புதிய பேஸ்டை நடுவில் வைத்து, எண் வரிசைப்படி பூட்டுங்கள். பக்கத்துச் சிப்களில் ஒட்டியிருக்கும் மெத்தென்ற பட்டைகளை எடுக்காதீர்கள், அவற்றின் இடத்தில் பேஸ்ட் பூசினால் இடைவெளி நிரம்பாது.

பற்றரி வயரைக் கொழுவி, மூடி, அதே வேலையைச் செய்து மறுபடி அளந்து பாருங்கள். எங்களுடையது 97இலிருந்து 76க்கு இறங்கியது. இறங்காமல், ஃபேனும் கரகரவென்று சத்தம் போட்டால் அதன் பேரிங் தேய்ந்துவிட்டது. லப்டொப்பின் அடியில் உள்ள மொடல் இலக்கத்தையும் பழைய ஃபேனையும் கொண்டுபோய், அதே வயர் முனை உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.